சீப்புச் சின்னத்தில் நின்ற நீதிபதி

செப்டம்பர் 2

இன்றும் யாரும் வரவில்லை. காஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தார். அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

சார்பு நீதிபதியாக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நாலு பேர் வந்து சட்டம் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். கீழச்செவல்குளத்துக்காரர்களுக்குச் சட்டத்தில் சந்தேகமே வராது போலிருக்கிறது. என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று மனைவி ஆவுடையிடம் சொன்னேன்.

"பயமா? இத்தனை வருசத்துல ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தீயளா, ஒரு துட்டி வீட்டுக்கு வந்தீயளா? உங்கள இங்க எவனுக்குத் தெரியும்?" என்றாள்.

நீதிபதி ஊரோடு ஒட்டக்கூடாது என்பது எங்கள் உத்தியோகத்தில் எழுதாத விதி. இன்று கூட உட்கார்ந்து காப்பி குடிப்பவன் நாளை பிரதிவாதியாக வந்து நிற்பான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதை அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். அவள் ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனேன். நீதிமன்றத்தில் நான் கழுத்தில் கட்டிய வெள்ளைப் பட்டைகளை எடுத்துப் புடலங்காய்க்குக் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். காய் கோணாமல் வளருமாம். கேட்டால், "சும்மாதானே கெடந்துச்சு" என்கிறாள்.

செப்டம்பர் 9

மைத்துனன் சொரிமுத்து மேலத் தெரு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆவுடைக்கு ஒரே தம்பி. ஊரில் பெரிய தென்னந்தோப்பு அவனுடையது, பெரிய குரலும் அவனுடையது. வருகிற ஊராட்சித் தலைவர் தேர்தலில் நான் நிற்க வேண்டுமாம்.

"அத்தான், ஒரு ஜட்ஜு நமக்குத் தலைவரா இருந்தா கலெக்டரே எந்திரிச்சி நிப்பாரு. உங்கள எதுத்து எவன் நிக்கான்னு பாப்பம்."

எனக்குப் பதவி ஆசை கிடையாது. யோசித்துச் சொல்கிறேன் என்று கம்பீரமாகச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் தெரு முக்கு திரும்புவதற்குள் ஆவுடையைப் பின்னால் ஓடவிட்டுச் சரி என்று சொல்லச் சொன்னேன்.

செப்டம்பர் 16

வேட்புமனு கொடுத்தாயிற்று. கிழக்குத் தெருவிலிருந்து ஒருவர் முன்மொழிந்தால் அந்தத் தெரு ஓட்டு மொத்தமும் வரும் என்பது சொரிமுத்துவின் யோசனை. அதனால் மாடத்தி என்கிற பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். நூறு நாள் வேலையில் ஆட்களை மேய்க்கிற பொறுப்பில் இருக்கிறவள். அவள் சொன்னால் அந்தத் தெரு கேட்கும்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டே பேசினாள். கிழக்குத் தெருவின் சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே போக ஊராட்சிக்குச் சொந்தமான வண்டிப்பாதை உண்டு. அதைச் சொரிமுத்து தன் தோப்போடு சேர்த்து வேலி போட்டு அடைத்துவிட்டான். இது ஊரறிந்த விஷயம், எனக்கும் தெரியும். அதனால் அவர்கள் பிணத்தை ஓடைக்குள் இறக்கித்தான் தூக்கிப் போகிறார்கள்.

"போன மழையில எங்க பெரியத்தாளத் தூக்கிட்டுப் போகையில பாடை சரிஞ்சு தண்ணிக்குள்ள போயிட்டா அய்யா. முங்கி முங்கித் தேடி எடுத்தோம். எங்க வீட்டுக்காரரு குவாரியில கல்லு ஒடச்சு நெஞ்செல்லாம் தூசியடைஞ்சு கெடக்காரு. இந்த மழையத் தாண்ட மாட்டாருன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாவ. அவர மட்டும் அந்தத் தண்ணிக்குள்ள எறக்க விட்றாதீய. வேற ஒண்ணும் கேக்கல."

சொரிமுத்து பக்கத்தில்தான் நின்றான். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டப்படி பார்க்கலாம் என்றேன். அவள் பேனாவைக் கொடுத்தாள்.

செப்டம்பர் 25

போட்டியின்றி வருவேன் என்று நினைத்தது நடக்கவில்லை. சிமெண்டுக் கடை லிங்கதுரை எதிர்த்து நிற்கிறான். அவனுக்குப் பூட்டு சாவிச் சின்னம். எனக்குச் சீப்பு.

ஆவுடை சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த தோசை கருகிவிட்டது. "தலையில மருந்துக்கு ஒரு முடி கெடயாது. ஊரு பூரா சீப்பக் காட்டிக்கிட்டுப் போகப்போறீயளா?"

சின்னத்தை மாற்றக் கோரி மனுப் போட விதியில் இடமில்லை. பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 28

ஓட்டுக் கேட்கப் போனது இன்றுதான் முதல் நாள். அசிங்கம். எப்படி எழுதுவது?

பதவியில் இருந்தவரை நான் எங்கே போனாலும் டவாலிச் சேவகர் முன்னால் போவார். கதவு திறந்திருக்கும், ஆட்கள் எழுந்து நிற்பார்கள். இன்று ஒரு வீட்டு வாசலில் போய் நின்றவன், யாராவது முன்னால் போய்ச் சொல்வார்கள் என்று நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். உள்ளே இருந்து ஒரு பொம்பளை எட்டிப் பார்த்து, "பழைய பேப்பரெல்லாம் போன வாரமே போட்டாச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கூட வந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

கும்பிடவும் எனக்கு வரவில்லை. நீதிமன்றத்தில் வணக்கம் வாங்கித்தான் பழக்கம், லேசாகத் தலையசைத்தால் போதும். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று கும்பிட்டுப் பழகினேன். ஆவுடை பார்த்துவிட்டாள். 

நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்த வாசகம்தான்: "இவர் எழுதிய ஒரு தீர்ப்புகூட மேல்முறையீட்டில் ரத்தானதில்லை." இது உண்மை. என் உத்தியோகத்தில் எனக்குள்ள ஒரே பெருமை அது. ஆவுடை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

"ரத்தாகுததுக்கு நீங்க எழுதணும்லா. சிக்கலான கேஸ் கட்டையெல்லாம் வாய்தா போட்டுப் போட்டு அடுத்து வாரவர் தலையில வச்சிட்டுத்தான ஒவ்வொரு ஊர்லயும் பெட்டி கட்டுனோம்."

சிக்கலான வழக்கில் அவசரப்படக்கூடாது. சாட்சியம் முழுமையாக வர வேண்டும். அதற்குள் மாறுதல் உத்தரவு வந்தால் நான் என்ன செய்வது? அவளுக்கு இதெல்லாம் புரியாது.

அக்டோபர் 1

கிழக்குத் தெருவுக்குப் போனோம். முந்தின நாள் லிங்கதுரை வந்து போயிருக்கிறான். பாதையைப் பற்றிக் கேட்டதற்கு, "சொரிமுத்து அண்ணாச்சியப் பகைச்சிக்கிட்டு என்னால அந்த வேலியப் பிடுங்க முடியாது. பொய் சொல்லி ஓட்டு வாங்க எனக்கு மனசில்ல. தெருவிளக்கும் தண்ணியும் தாரேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனானாம். தேர்தலில் நிற்கத் தெரியாதவன்.

மாடத்தி வீட்டுக்குள் அவள் புருஷன் இசக்கிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராதாம், அதனால் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் சாய்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். ஓய்வு பெற்று ஆறு மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து ஒருவர் எழுந்திருக்கப் பார்த்தார். மனதுக்கு நிறைவாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

தெருவே கூடிவிட்டது. பாதை எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். நான் தெளிவாகச் சொன்னேன்: "தலைவரானதும் கூடுகிற முதல் கூட்டத்தில், முதல் பொருளாக உங்கள் பாதையை எடுப்பேன்."

ஒருவன் சூடம் கொண்டு வரட்டுமா, அணைத்துச் சத்தியம் செய்கிறீர்களா என்றான். மாடத்தி அவனை அதட்டினாள். "ஜட்ஜு அய்யாகிட்டயா சூடம் கேக்க? அவுக வாய்ச்சொல்லுதாம்ல நமக்கு."

பேசும்போதே ஒவ்வொரு சொல்லையும் எடை பார்த்துத்தான் பேசினேன். பாதையை எடுப்பேன் என்றேன். திறப்பேன் என்று சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இதை எழுதும்போது கேட்டுக்கொள்கிறேன். பழக்கம், வேறென்ன.

அக்டோபர் 3

கிழக்குத் தெருவில் நான் பேசியது மேலத் தெருவுக்கு எட்டிவிட்டது. சொரிமுத்து காலையிலேயே வந்து நின்றான். முகம் சரியில்லை. சுடலைமாடன் கோவிலில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், வாருங்கள் என்றான்.

பீடத்தின் முன்னால் தட்டில் சூடம் எரிந்தது. "வேலியில கை வைக்க மாட்டேன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க அத்தான். பண்ணுனா மேலத் தெரு ஓட்டு ஒண்ணு சிதறாது. இல்லன்னா நாங்க லிங்கதுரைக்குப் போட்டுட்டுப் போறோம்."

என் முன்னால் எத்தனை ஆயிரம் பேர் கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறார்கள்! கூண்டுக்குள் நிற்பவனுக்கு எப்படி இருக்கும் என்று இன்றுவரை யோசித்ததில்லை.  திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போனால் மறுபடி அந்த வாசல் நாற்காலிதான்.

"சட்டப்படியான உத்தரவு இல்லாமல் அந்த வேலியில் நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிச் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். யாரும் முதல் மூன்று சொற்களைக் கவனிக்கவில்லை. கையைத் தட்டினார்கள். சொரிமுத்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடை என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கன்றிப்போய்ச் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். "ரெண்டு தெருவுலயும் சொல்லிட்டு வந்திருக்கீய. எதப் பொய்யாக்கப் போறீய?" என்று கேட்டாள்.

இரண்டுமே உண்மை என்று விளக்கினேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பாதியிலேயே போய்விட்டாள்.

அக்டோபர் 12

ஜெயித்துவிட்டேன். இரண்டு தெருவும் போட்டிருக்கிறது. லிங்கதுரைக்கு டெபாசிட் போய்விட்டது.

மாலையும் கழுத்துமாக வீடு வந்தேன். வாசலில் அத்தனை கூட்டம். மாடத்தி கிழக்குத் தெருப் பெண்களோடு வந்து குலவை போட்டாள். "எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லிட்டேன் அய்யா. இனி பயமில்லாமச் சாவும்னு சிரிக்காரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாலைக்குள் ஏதோ பூச்சி இருந்திருக்க வேண்டும், கழுத்தெல்லாம் அரிப்பு.

அக்டோபர் 20

பதவியேற்பு. உறுதிமொழி வாசிக்கும்போது குரல் நன்றாக வந்தது. போட்டோவில் சொரிமுத்து எனக்கு முன்னால் நிற்கிறான்.

அக்டோபர் 25

முதல் கூட்டம். சொன்ன சொல் தவறவில்லை. முதல் பொருளாகப் பாதையைத்தான் எடுத்தேன். கிழக்குத் தெரு ஆட்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே தேர்தலில் வார்டு உறுப்பினராகிவிட்ட சொரிமுத்து முன்வரிசையில் உட்கார்ந்து என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வருவாய்த் துறை நிலத்தை அளந்து அறிக்கை தர வேண்டியிருப்பதால் இப்பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்றேன். எத்தனை முறை சொன்ன வாக்கியம்! தானாக வந்தது. சொல்லி முடித்ததும் பழைய நிம்மதி ஒன்று வந்தது. அடுத்த பொருள், குடிநீர்த் தொட்டி கழுவுவது.

வெளியே மாடத்தி மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "அளந்துட்டுத்தான எடுக்க முடியும்? அய்யா மொறையாத்தான் செய்வாவ." என் காதில் விழுந்தது. காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

நவம்பர் 3

மழை பிடித்துக்கொண்டது. கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. சரி செய்ய ஆள் வரவில்லை. புடலங்காய் பறித்தோம், குச்சி போல் நேராக இருக்கிறது.

இசக்கிமுத்துவுக்கு ரொம்ப முடியவில்லையாம். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள் ஆவுடை. மழை விடட்டும் என்றேன். மழை ஒரு சாக்கு. போனால் மாடத்தி பாதையைப் பற்றிக் கேட்பாள், அதுதான் காரணம்.

நவம்பர் 8

இரண்டாவது கூட்டம். அறிக்கை வரவில்லை. வருவாய்த் துறைக்கு நான் கடிதம் எழுதினால்தானே வரும். ஒத்திவைத்தேன். இந்த முறை வாசலில் மாடத்தி மட்டும்தான் நின்றாள். விளக்கம் சொல்ல அவளுக்கும் ஆள் இல்லை.

நவம்பர் 13

பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகக் கொடுக்க வேண்டிய சான்றிதழ் விஷயமாக அடுத்த வாரம் தென்காசி போக வேண்டும். மோட்டார் இன்னும் ஓடவில்லை.

இசக்கிமுத்து இன்று விடியற்காலம் இறந்துபோனார்.

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். மோட்டாரை எழுதிவிட்டு இதை எழுதுகிறேன்.

பத்து மணி இருக்கும், ஊராட்சிச் செயலர் போன் செய்தார். பாடையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போகாமல் நேரே வேலிக்கு வந்துவிட்டார்கள். உள்ளே தோப்பில் சொரிமுத்துவும் மேலத் தெரு ஆட்களும் நிற்கிறார்கள். போலீஸ் வந்துவிட்டது. தலைவர் உடனே வர வேண்டும்.

போனேன். நல்ல மழை. பாடையை வேலியின் முன்னால் இறக்கி வைத்து நாலு பேர் அதன்மேல் பிளாஸ்டிக் சாக்கைப் பிடித்திருந்தார்கள். முகத்தில் மட்டும் மழை விழாமல் மாடத்தி குனிந்து உட்கார்ந்திருந்தாள். என் காரைப் பார்த்ததும் எழுந்தாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். எனக்கு சல்யூட் வைத்தார். "சார், பாதை ஊராட்சியோடது. வேலிய எடுக்கணும்னு தலைவர் நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். எடுக்க நான் பாதுகாப்புக் கொடுக்கிறேன். இவங்க தூக்கிட்டுப் போகட்டும்."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொரிமுத்து கத்தினான். "அத்தான், சூடம் அணைச்சிருக்கீய! மறந்துறாதீய!"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை. எடுங்கள். அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன்.

"இந்த விஷயம் கூட்டத்தின் பரிசீலனையில் இருக்கிறது. வருவாய் ஆய்வாளருக்குத் தகவல் சொல்லியிருக்கிறோம். அவர் மதியத்துக்குள் வந்துவிடுவார், அளந்த பிறகு ஒரு முடிவுக்கு வரலாம். அதுவரை இரு தரப்பும் அமைதியாக இருக்க வேண்டும்."

வருவாய் ஆய்வாளருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. எனக்கே அது பாதி சொல்லும்போதுதான் தெரிந்தது.

மாடத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பொணத்துக்கு வாய்தா போடுதீயளே அய்யா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. புரியாத ஒன்றைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். பிறகு தன் ஆட்களிடம் திரும்பி, "தூக்குங்கலே. ஓடைக்கே போவம். மழையில கெடக்காரு" என்றாள்.

தண்ணீர் மார்பளவு போனது. பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சரிந்து, மாலையெல்லாம் தண்ணீரில் போய்விட்டது. மாடத்தி தனக்குக் கழுத்தளவு வந்த தண்ணீரில் அவர் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே போனாள். எதை நடக்க விடாதீர்கள் என்று என்னிடம் கேட்டாளோ, அது என் கண் முன்னால் நடந்தது.

நான் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். பக்கத்தில் ஆவுடை நின்றாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. குடைக்குள் வா என்றேன். வரவில்லை.

நவம்பர் 14

ஆவுடை சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பரிமாறவில்லை.

நவம்பர் 16

ஊராட்சி அலுவலகத்தில் இருந்தேன். மாடத்தி வந்தாள். நூறு நாள் வேலை வருகைப் பதிவேட்டில் தலைவர் கையெழுத்து வேண்டும். துக்க வீட்டுக்காரி, நாலு நாள் கழித்து வரக்கூடாதா என்றேன்.

"தள்ளிப் போட்டா மத்தவுகளுக்குச் சம்பளம் ஏறாது அய்யா."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, நான் சொன்ன சொல் தவறவில்லை, முதல் கூட்டத்தில் முதல் பொருளாகத்தான் எடுத்தேன் என்று ஆரம்பித்தேன். அவளிடம் போய் இதைச் சொன்னேன். இதை எழுதவே கூசுகிறது.

அவள் தலையாட்டினாள். "ஆமா, எடுத்தீய. நீங்க பொய் சொல்லல. அன்னைக்கே சூடம் கொண்டாரேன்னான், நாந்தான் அவன ஏசுனேன். எனக்குத்தான் கேக்கத் தெரியல அய்யா."

பதிவேட்டை முந்தானையில் சுற்றி மழை படாமல் எடுத்துக்கொண்டு போனாள். தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். நிறைய பதில் வைத்திருந்தேன்.

நவம்பர் 17

காலையில் ஆவுடை சமையலறையில் நின்றபடி பேசினாள், என்னைப் பார்க்காமல். "அவன் எந்தம்பி. வேலியப் பிடுங்குனா இந்த வீட்டுப் படி ஏற மாட்டான். எனக்குப் பொறந்த வீடுன்னு அவன் ஒருத்தந்தான். இருந்தாலும் பிடுங்குங்க. என்னால தெருவுல தல நிமுந்து நடக்க முடியல."

நவம்பர் 22

மூன்றாவது கூட்டம். முதல் பொருள், வண்டிப்பாதை.

ஆக்கிரமிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்ததை அளந்துதான் அறிய வேண்டியதில்லை, வேலியை அகற்றிப் பாதையைத் திறக்க உத்தரவிடுகிறேன் என்றேன். இரண்டு வரிதான். எழுதி வாசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்ன வேலையா இது.

சொரிமுத்து எழுந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டான். "சூடம் அணைச்சீயளே அத்தான்?"

"சட்டப்படியான உத்தரவு இல்லாமல் என்று சொல்லித்தான் அணைத்தேன்."

"அணைக்கும்போதே இது மனசுல இருந்துச்சா?"

இருந்தது என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

"ஒரு வகையில நீங்க ஜட்ஜுதான். ரெண்டு தெருவையும் ஒண்ணு போல ஏமாத்திட்டீய. கிழக்குத் தெருவுக்காவது நீங்க ஏமாத்துனது ஓடையில எறங்குன அன்னைக்கே தெரிஞ்சிச்சு, நாந்தான் மாலை போட்டுக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அக்கா, வாரேன்" என்று மட்டும் சொன்னானாம். ஆவுடை வெளியே வருவதற்குள் போய்விட்டான்.

நவம்பர் 25

பொக்லைன் வந்தது. வேலியை எடுத்துச் சரளை போட்டாயிற்று. சொரிமுத்து மேல்முறையீடு செய்யப் போகிறானாம். முதல் தடவையாக என் உத்தரவு ஒன்று ரத்தாகக்கூடும். நோட்டீஸில் போட்டதை ஊர் மறந்திருக்காது.

ஆவுடை இன்று பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். 

நவம்பர் 28

இசக்கிமுத்துவுக்குப் பதினாறாம் நாள். கிழக்குத் தெருவில் பெண்களும் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் ஊற்றுவது வழக்கம். காலையிலேயே போய்ப் பாதை தொடங்குகிற இடத்தில் நின்றேன். ஏன் போய் நின்றேன் என்று நேர்மையாக எழுத வேண்டுமானால், அவள் அந்தப் பாதையில் நடப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான். அதைப் பார்த்துவிட்டால் ராத்திரி தூங்கலாம் என்று நினைத்தேன்.

வந்தார்கள். முன்னால் ஆண்கள் பாதையில் ஏறினார்கள், பின்னால் பெண்கள். என்னைக் கடக்கும்போது ஒவ்வொருவராகக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். கண்ணாடி முன்னால் பழகியது இத்தனை நாளாகியும் கைக்கு வரவில்லை, இன்று வந்தது.

கடைசியாக மாடத்தி. கையில் பால் சொம்பு. பாதை பிரிகிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று சரளையைப் பார்த்தாள். பிறகு ஓடைப் பக்கம் திரும்பினாள்.

"மாடத்தி, பாதை திறந்தாயிற்றே" என்றேன். 

"பாத்தேன் அய்யா. நல்லா இருக்கு. இனிமே வாரவுகளுக்கு ஆகும்" என்றாள். "அவரு போன வழி இதுலா. நான் இப்படியே போய்க்கிடுதேன்."

தண்ணீர் இப்போது தொடை அளவுக்குத்தான் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சொம்பைத் தலைக்கு மேல் பிடித்து, காலால் தடம் தடவித் தடவி இறங்கினாள். வழுக்குகிற இடம் வந்ததும் நின்றாள். இடது கையைத் தண்ணீருக்குள் விட்டு எதையோ பிடிப்பதுபோல் கொஞ்ச தூரம் நீட்டியபடியே நடந்து, அக்கரை ஏறிப் போய்விட்டாள்.

நான் பாதையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பாதை சுத்தமாக இருந்தது. குனிந்து பார்த்தேன், என் செருப்பில் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை.